செஸ் பயிற்சியால்தான் மார்க் கூடியதா? பத்துப் பிள்ளைகளின் கணக்கு

கேரளாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு 20 மார்க்குக்கு ஒரு செஸ் புதிர்த் தாள் கொடுத்திருக்கிறார். அப்புறம் ஒரு மாதம், பள்ளி விட்டதும் தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி. மாதக் கடைசியில் இன்னொரு தாள். சராசரி 9.5-லிருந்து 10.9 ஆகியிருக்கிறது. வந்த வித்தியாசம் வெறும் தற்செயலாக இருக்குமா என்று பார்க்கும் டி-டெஸ்ட் என்ற கணக்கை டீச்சர் போட்டதில் 2.33 வந்திருக்கிறது. அதே மார்க்குகளை வைத்து அவருடன் வேலை பார்க்கும் கணக்கு சார் போட்டதில் 1.2 தான் வந்திருக்கிறது. யார் போட்டது சரி, பயிற்சியால் பிள்ளைகள் முன்னேறினார்கள் என்று வரும் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் சொல்லலாமா என்பது கேள்வி.

டீச்சர், நீங்கள் ஒன்றாகக் கேட்டிருந்தாலும் இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. மார்க் நிஜமாகவே கூடியிருக்கிறதா என்பது ஒன்று. கூடியதற்குக் காரணம் உங்கள் பயிற்சியா என்பது இன்னொன்று. முதலாவதுக்குக் கணக்கு பதில் சொல்லும். இரண்டாவதுக்கு இப்போது உங்கள் கையில் இருக்கும் தாள்களால் பதில் சொல்ல முடியாது. நான் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் 26 வருடம் புள்ளியியல் நடத்தியவன். எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது வாசகசாலையில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்து 15 வருடம் ஆகிறது. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. நீங்கள் போட்டதுதான் சரி. கணக்கு சார் முதல் தாளின் பத்து மார்க்கை ஒரு கூட்டமாகவும், இரண்டாம் தாளின் பத்து மார்க்கை இன்னொரு கூட்டமாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறார். இருபது பேர் எழுதியிருந்தால் அது சரி. இங்கே எழுதியது அதே பத்துப் பேர். 5 மார்க் வாங்கும் பிள்ளையும் 14 மார்க் வாங்கும் பிள்ளையும் ஒரே கூட்டத்தில் இருப்பதால், அவர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் பெரிய இரைச்சலாக நின்று, ஒவ்வொருவரும் எவ்வளவு நகர்ந்தார்கள் என்பதை மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு பிள்ளையின் இரண்டாம் மார்க்கிலிருந்து அதே பிள்ளையின் முதல் மார்க்கைக் கழித்துவிட்டு, அந்த வித்தியாசங்களை மட்டும் பார்க்க வேண்டும். சிறிய கூட்டங்களுக்கான இந்தச் சோதனையை 1908-ல் வெளியிட்டவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். நாலைந்து மாதிரியை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு ஆலையில் இருந்தது. பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் நிற்கும் இடமும் அதுதான்.

நீங்கள் அனுப்பிய வித்தியாசங்கள் இவை: 2, 1, 3, 0, குறைவு 1, 4, 2, 0, 4, குறைவு 1. கூட்டினால் 14, சராசரி 1.4. இந்த வித்தியாசங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் ஏறக்குறைய 1.9. அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.6. 1.4-ஐ 0.6-ஆல் வகுத்தால் 2.33. பத்துப் பேர் என்பதால் ஒன்று குறைத்து, டி-டெஸ்ட் அட்டவணையில் 9-க்கு நேரே பார்க்க வேண்டும். அங்கே 2.262 இருக்கிறது. நிஜத்தில் எதுவும் மாறாவிட்டால், ஏற்றம் இறக்கம் இரண்டு பக்கமும் சேர்த்து இதைத் தாண்டி வர 5 சதவீத வாய்ப்புதான். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. ஆனால் எவ்வளவு தாண்டியது என்பதையும் பாருங்கள். உண்மையான முன்னேற்றம் எந்த அளவுக்குள் இருக்கலாம் என்று 95 சதவீத எல்லை போட்டால், 0.04 மார்க்கிலிருந்து 2.76 மார்க் வரை வருகிறது. ஒன்றுமே இல்லை என்று சொல்லக்கூடிய இடத்திலிருந்து கிட்டத்தட்ட மூன்று மார்க் வரை எதுவாகவும் இருக்கலாம். 4 மார்க் கூடிய இரண்டு பேரில் ஒருவர் அன்றைக்குக் காய்ச்சலில் வராமல் போயிருந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். ஒன்பது பேரின் கணக்கு 1.89 ஆகிவிடுகிறது. அட்டவணை கேட்பது 2.306. ஒரே ஒரு பிள்ளையின் வருகையில் தொங்கும் முடிவு இது.

கணக்கு வராத பெற்றோருக்கும் புரிகிற மாதிரி இன்னொரு வழியும் உண்டு. ஆறு பேருக்குக் கூடியது, இரண்டு பேருக்குக் குறைந்தது, இரண்டு பேர் அப்படியே. மாறாத இருவரை விட்டுவிட்டால் எட்டுப் பேர். நிஜத்தில் முன்னேற்றமே இல்லை என்றால், ஒரு பிள்ளை ஏறுவதும் இறங்குவதும் காசு சுண்டுவது மாதிரிதான். காசை எட்டு முறை சுண்டினால் ஆறோ அதற்கு மேலோ தலை விழ 256-ல் 37 வாய்ப்பு, அதாவது ஏழில் ஒன்று. இந்த வழி எத்தனை மார்க் கூடியது என்பதைப் பார்க்காமல் ஏறியதா இறங்கியதா என்று மட்டும் பார்ப்பதால், டி-டெஸ்டைவிடக் கண் மங்கலானது. இருந்தாலும், ‘நிரூபணம்’ என்ற சொல்லை உபயோகிக்கும் முன் ஒரு நிமிடம் யோசிக்க வைக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. மார்க் கூடியது என்றே வைத்துக்கொள்வோம். எதனால்? முதல் தாளைப் பள்ளி திறந்த வாரத்தில் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு மாதம் விடுமுறையில் மாங்காய் அடித்துக்கொண்டும் பொள்ளாச்சியில் சித்தி வீட்டுக்குப் போய்வந்துகொண்டும் இருந்த பிள்ளைகள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பழக்கமே விட்டுப்போய் வந்திருப்பார்கள். அந்த வாரம் கணக்குத் தாள் கொடுத்திருந்தாலும் மார்க் குறைந்திருக்கும், ஜூலையில் தானாகக் கூடியிருக்கும். அப்புறம், முதல் தாளில் புதிர் என்றால் என்ன, எப்படி விடை எழுத வேண்டும் என்று தெரியாதவர்களுக்கு இரண்டாம் தாளில் அது தெரிந்திருக்கும். வீட்டில் அண்ணன் போனில் செஸ் விளையாடுவதும் இருக்கும். 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து எங்கள் வாயனசாலைப் பிள்ளைகளே போனில் ஆடி ஆடி வருகிறார்கள். அதில் என் பங்கு எவ்வளவு, போனின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. முதல் தாளில் 5, 6, 7 வாங்கிய மூன்று பேருக்குக் கூடியது முறையே 4, 3, 4. முதல் தாளில் 13, 14 வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் அப்படியே நிற்கிறார், ஒருவருக்கு 1 குறைந்திருக்கிறது. பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி அதிகம் உதவியது என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ஒரு நாள் தாளில் அடிமட்டத்தில் நிற்கும் பிள்ளைகளில் சிலர் நிஜமாகவே தெரியாதவர்கள், சிலர் அன்றைக்குக் கை வராதவர்கள். அடுத்த தாளில் அந்த இரண்டாம் வகையினர் தானாக மேலே வருவார்கள். உச்சியில் நின்றவர்களில் அன்றைக்குக் குருட்டு யோகம் அடித்தவர்கள் கீழே இறங்குவார்கள். பயிற்சியே கொடுக்காமல் விட்டாலும் இது நடக்கும். பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து 1886-ல் பிரான்சிஸ் கால்டன் காட்டியது இதைத்தான். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரிப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தார்கள். என் வகுப்பில் 26 வருடமும் நான் அதிக நேரம் செலவழித்த பாடம் இது. கேட்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், சொந்த மார்க் பட்டியலைப் பார்க்கும்போது மறந்துவிடுவார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

அதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். வாயனசாலையில் ஆரம்பித்த இரண்டாம் வருடம், நானும் உங்களைப் போலவே முன்னும் பின்னும் தாள் கொடுத்தேன். தமிழில் எழுதிய தாள். ‘வெள்ளை யானையை நகர்த்தி இரண்டு நகர்வில் மேட் செய்க’ என்கிற மாதிரி. வேலந்தாவளத்திலிருந்து வரும் ஒரு பெண் குழந்தை முதல் தாளில் 3 வாங்கியது, மாதக் கடைசியில் 12. என் பயிற்சியின் மகிமை என்று நினைத்துப் பூரித்துப்போனேன். பல நாள் கழித்துப் பழைய தாளைப் புரட்டும்போதுதான் கவனித்தேன். யானை என்று வந்த இடத்திலெல்லாம் அந்தக் குழந்தை கோணலாகப் போகும் காயை நகர்த்தியிருந்தது. ஒவ்வொன்றும் அந்தக் காய்க்கு நல்ல நகர்வு! கூப்பிட்டுக் கேட்டேன். “ஆனை கோணலாத்தானே மாஷே போகும்?” என்றது. பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சியிடம் விளையாடக் கற்றுக்கொண்ட குழந்தை அது. நாம் யானை என்று சொல்லும் மூலைக்காய் மலையாளத்தில் தேர். அவர்கள் ஆனை என்பது நம்முடைய மந்திரி. அவர்களுடைய மந்திரியோ நமக்கு ராணி. அந்த ஒரு மாதத்தில் அது கற்றுக்கொண்டது பெரும்பாலும் என்னுடைய சொற்களை. ஆட்டம் முன்பே அதனிடம் இருந்தது. அதற்குப் பிறகு என் தாளில் காய்களின் பெயரே வராது, கட்டமும் காயின் படமும் மட்டும்தான். விடையையும் அம்புக்குறி போட்டுக் காட்டச் சொல்வேன். நம் எல்லைப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் இரண்டு பாஷையிலும் ஆடுகிறார்கள். உங்கள் தாளில் பெயர்கள் இருந்தால், அதை ஒருமுறை பாருங்கள்.

பயிற்சியே வீண் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பயிற்சியால் செஸ் ஆட்டம் வளரும் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை, அதற்கு உங்கள் பத்துத் தாளை நம்பியிருக்கவும் தேவையில்லை. 1973-ல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நடத்திய சோதனை பிரபலமானது. நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை 5 வினாடி காட்டி மறைத்துவிட்டால், மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவார், புதியவர் நாலைந்தோடு நின்றுவிடுவார். அதே காய்களைக் கண்டபடி சிதறி வைத்துக் காட்டினால் மாஸ்டரும் ஏறக்குறையப் புதியவர் அளவுக்குத்தான். அதாவது மாஸ்டருக்குப் பொதுவான ஞாபகசக்தி அதிகம் என்பதில்லை. ஆட்டத்தில் வரும் வடிவங்கள் பழகிப் பழகி அவர் கண்ணில் தங்கியிருக்கின்றன. அது பயிற்சி இல்லாமல் வராது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு பயிற்சி போதும் என்பதும் இல்லை. கோபே, காம்பிடெல்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-ல் அர்ஜென்டினா ஆட்டக்காரர்கள் 104 பேரிடம் கேட்டு எழுதியதில், மாஸ்டர் தரத்தை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது, இன்னொருவருக்கு 23,000-க்கு மேல் தேவைப்பட்டது. 2014-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆட்டக்காரர்களுக்கு நடுவே உள்ள தர வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பயிற்சி நேரத்தால் விளக்க முடிந்தது. உங்கள் பிள்ளைகள் ஒரு மாதத்தில் உட்கார்ந்தது இருபத்து நாலு மணி நேரம் இருக்குமா? அதில் 1.4 மார்க் கூடியது என்றால் நம்ப முடியாத விஷயம் இல்லை. அளந்து காட்டுவதுதான் கடினம்.

என்ன மாதிரிப் பயிற்சி என்பதும் முக்கியம். சார்னஸ் குழுவினரின் 2005 ஆய்வில், போட்டிகளில் ஆடிய நேரத்தைவிடத் தனியாக உட்கார்ந்து ஊன்றிப் படித்த நேரம்தான் ஆட்டத்தின் தரத்தோடு அதிகம் ஒத்துப்போனது. என் அனுபவமும் அதுதான். ஒரு மணி நேரம் முழுக்க ஒருவரோடு ஒருவர் வேகமாக ஆடிக் கலைந்துபோகும் பிள்ளைகளைவிட, அரை மணி ஆடி, தோற்ற ஆட்டத்தை அடுத்த அரை மணி திரும்ப வைத்து எங்கே தப்பு என்று தேடும் பிள்ளைகள் வளர்கிறார்கள். இதை நான் முறையாக அளந்ததில்லை, கண்ணால் பார்த்ததுதான். அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிர்த் தாளுக்குப் பதில் பள்ளிக்குள் ஒரு போட்டி வைத்து அளக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அது உதவாது. பத்துப் பேர் எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் 45 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு பாயிண்ட் என்று மொத்தம் 45 பாயிண்ட், சராசரி 4.5. பயிற்சிக்கு முன்னும் 4.5, பின்னும் 4.5. எல்லோரும் குகேஷ் ஆகிவிட்டாலும் அது மாறாது. வெளி ஆட்களோடு ஆடினால்தான் தெரியும், அதற்கும் நிறைய ஆட்டம் வேண்டும். சர்வதேச செஸ் சங்கமான ஃபிடே 1970-ல் எடுத்துக்கொண்ட, ஆட்டக்காரரின் பலத்துக்கு ரேட்டிங் என்று ஒரு எண் கொடுக்கும் ஏலோ முறைப்படி, 100 ரேட்டிங் பாயிண்ட் வித்தியாசம் உள்ளவர்கள் மோதினால் பலமானவருக்குச் சராசரியாகக் கிடைப்பது ஆட்டப் பாயிண்டில் 64 சதவீதம். சமமானவருக்கு 50. பத்து ஆட்டத்தில் 6.4-க்கும் 5-க்கும் உள்ள அந்த வித்தியாசம் வெறும் அதிர்ஷ்டத்திலேயே வந்துவிடும். ஐம்பது ஆட்டமாவது இருந்தால்தான் ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். 100 பாயிண்ட் முன்னேற்றம் என்பது ஒரு சிறுவனுக்குப் பெரிய விஷயம், அதைப் பார்க்கவே இவ்வளவு பாடு.

சரி, அடுத்த முறை என்ன செய்வது? இருபது பிள்ளைகளை எடுங்கள். முதல் தாளின் மார்க்கை வைத்து, அருகருகே வரும் இரண்டு இரண்டு பேராக ஜோடி சேருங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் காசு சுண்டி, ஒருவர் இந்த மாதப் பயிற்சிக்கு, மற்றவர் அடுத்த மாதத்துக்கு. யாரையும் ஒதுக்கவில்லை, முறை மட்டும்தான் மாறுகிறது, பெற்றோரிடமும் அப்படியே சொல்லலாம். முதல் மாத முடிவில் எல்லோருக்கும் தாள். விடுமுறை மறதியும், தாள் பழகுவதும், போன் செஸ்ஸும், சராசரிக்குத் திரும்புவதும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகிவிடும். மிச்சம் நிற்கும் வித்தியாசம்தான் பயிற்சிக்குச் சேர வேண்டியது. ஆர்வமுள்ளவர்களை நீங்களே பார்த்துப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், காசுதான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு தாளில் எது கடினம் என்று நமக்கு எப்போதும் தப்பாகத்தான் தோன்றும். அதனால் முதல் தேர்வில் பாதிப் பேருக்கு ஒரு தாள், பாதிப் பேருக்கு மற்றது, இரண்டாம் தேர்வில் மாற்றிக் கொடுங்கள். திருத்துவது வேறொரு டீச்சராக இருக்கட்டும், எந்தத் தாள் எந்தப் பிள்ளையுடையது என்று அவருக்குத் தெரிய வேண்டாம். பக்கத்துப் பள்ளிகள் இரண்டு சேர்ந்தால் இன்னும் நல்லது. பக்கத்துக்குப் பத்துப் பேர் என்றால் ஏறக்குறைய 1.8 மார்க் வித்தியாசம் வந்தால்தான் டெஸ்ட் கண்டுபிடிக்கும். முப்பது முப்பது பேர் என்றால் ஒரு மார்க் போதும்.

பி.டி.ஏ. கூட்டத்தில் இப்படிச் சொல்லலாம்: “ஒரு மாதம் பயிற்சிக்கு வந்த பத்துப் பிள்ளைகளில் ஆறு பேருக்கு மார்க் கூடியிருக்கிறது, சராசரியில் ஒன்றரை மார்க்குக்குக் கொஞ்சம் குறைவு. இது பயிற்சியால்தானா என்று அடுத்த முறை இன்னும் சரியாகப் பார்க்கப்போகிறோம்.” இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. யாராவது எழுந்து, செஸ் ஆடினால் கணக்குப் பரீட்சையிலும் மார்க் கூடுமா டீச்சர் என்று கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்குச் செஸ் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் வெளியான முடிவில், ஒரு வருடம் கழித்துக் கணக்கு மார்க்கில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பிள்ளைகள் செஸ்ஸைச் செஸ்ஸுக்காகவே கற்றுக்கொள்ளட்டும், அதற்கே அது தகுதியானது.

கடைசியாக ஒன்று. உங்கள் பட்டியலில் ஐந்தாவதாக இருக்கும் பிள்ளை 9-லிருந்து 8-க்கு இறங்கியிருக்கிறது. சராசரிக்குள் அது காணாமல் போய்விடும். அந்த இரண்டு தாளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தாளில் சரியாகச் செய்த வகைப் புதிரை இரண்டாவதில் விட்டிருக்கிறதா, இல்லை கடைசி மூன்று கேள்விக்கு நேரம் போதாமல் வெறுமையாக விட்டிருக்கிறதா என்று. பயிற்சியில் யோசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை முதலில் மெதுவாகும். எங்கள் வாயனசாலையில் அப்படி மூன்று நாலு பேரைப் பார்த்திருக்கிறேன். வெறுமையாக விட்டிருந்தால், அதே கேள்விகளை நேரக் கணக்கு இல்லாமல் ஒரு சாயங்காலம் கொடுத்துப் பாருங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.